நான்கு ஸ்க்ரூ ஜாக் கொண்ட மேடையில் ஒரு மூலை மட்டும் சூடேறி முனகுகிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கோத்தகிரி_ஆலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு தேயிலை ஆலையில் இயந்திரப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். சிப்பம் கட்டும் அறையிலிருந்து லாரி நிற்கும் தளத்துக்கு மூட்டைகளை உயர்த்த, நான்கு மூலைகளிலும் ஸ்க்ரூ ஜாக் பொருத்திய மேடை ஒன்றைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு ஜாக்கும் 2.5 டன் திறனுடையது. ஸ்பிண்டில் (மேடையைத் தாங்கும் திருகுத் தண்டு) 30 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. பிட்சும் (இரு புரிகளுக்கு இடையேயான தூரம்) கொண்ட டிரப்பசாய்டல் திரெட் (சரிவக வடிவப் புரி); வார்ம், அதாவது வார்ம் வீல் என்ற பல்சக்கரத்தைச் சுழற்றும் திருகு, ஒரு சுற்றுச் சுற்றினால் மேடை 1 மி.மீ. உயரும். 1,440 ஆர்.பி.எம். வேகமுள்ள 7.5 எச்.பி. மோட்டார் ஒன்று, சுழற்சியைத் திசைதிருப்பும் பெவல் கியர்பாக்ஸ்கள் வழியாக நான்கையும் சேர்த்துச் சுழற்றுகிறது. மேடை ஏறும் உயரம் 1 மீட்டர், அதன் சொந்த எடை சுமார் 1 டன், அதன்மேல் நாங்கள் ஏற்றுவது அதிகபட்சம் 4 டன்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வடமேற்கு மூலை ஜாக் முனகுகிறது. கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. அதன் அடியில் பொன்னிறத் தூள் உதிர்ந்து கிடக்கிறது. முழுச் சுமையில் சில வேளைகளில் மோட்டாரின் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. குன்னூர் ஏலத்துக்குச் சரக்கு அனுப்பவேண்டிய நாளில் மேடை பாதி உயரத்தில் நின்றுவிட்டால் என்ன பாடு என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஜாக்கை மட்டும் கழற்றிப் புதிய வார்ம் வீல் போட்டுவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வார்ம்வீல்_மாற்று எழுதியது:

நண்பரே, பொன்னிறத் தூள் என்றால் அது வெண்கலம்தான். உங்களுடைய ஜாக்கில் ஸ்பிண்டில் சுழலாமல் ஏறி இறங்குகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் வார்ம் வீலின் உட்துளையிலேயே திரெட் வெட்டியிருப்பார்கள். அந்த வீல்தான் நட். அது தேய்ந்துவிட்டது. வீலை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

பழைய_ஃபிட்டர் எழுதியது:

அவசரப்பட்டு ஜாக்கைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெண்கலம் தேய்கிறது என்பது உண்மைதான். ஆனால், நான்கு ஜாக்குகளும் ஒரே நாளில் பொருத்தப்பட்டு ஒரே சுமையைத் தூக்கிவரும்போது, ஒன்று மட்டும் ஏன் தேய்கிறது என்பதற்கு விடை தெரியாமல் புதிய வீலைப் போட்டால், அந்தப் புதிய வீலும் அதே வேகத்தில் தேயும். எஃகு ஸ்பிண்டிலோடு உரசும்போது வெண்கலம் தேயவேண்டும் என்றே அதைப் போட்டிருக்கிறார்கள்; மிகுதியாகத் தேய்கிறது என்றால் அதைத் தேய்க்கும் ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். உங்கள் அளவுகளின்படி வீல் ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. உயர்கிறது, மோட்டார் வேகத்தில் அது நொடிக்கு 4 சுற்று. நொடிக்கு நான்கு முறை ‘டக் டக்’ என்று எண்ணக்கூடிய சத்தம் கேட்டால் குற்றம் வீலிலோ அதன் பேரிங்கிலோ இருக்கும். எண்ணமுடியாத வேகத்தில், நொடிக்கு 24 முறை, இரைச்சலாகக் கேட்டால் வார்ம், அதன் பேரிங், அதைச் சுழல்தண்டோடு இணைக்கும் கப்ளிங் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல், ஏறும் தூரத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் சத்தம் தொடங்கி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அடங்கினால், ஸ்பிண்டிலின் அந்தப் பகுதியையோ மேடையின் வழிகாட்டித் தண்டவாளத்தையோ பாருங்கள். சாக்பீஸால் மேடையின் பக்கத்தூணில் கோடு போட்டுக்கொண்டு கேட்டால் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

அடுத்ததாக, சூடான மூலையை மட்டும் அளக்காமல் நான்கையும் அளந்து எழுதுங்கள். வேலை முடிந்து சற்று ஓய்ந்த பிறகு அளப்பதில் பயனில்லை, ஓட்டி நிறுத்திய உடனே அளக்க வேண்டும். மூன்றாவதாக, தூளைக் கொஞ்சம் கிரீஸோடு எடுத்து வெள்ளைத்தாளில் தேய்த்து, அதன் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். பொன்னிறமாக மின்னி, காந்தத்துக்கு அசையாமல் கிடந்தால் வெண்கலம். காந்தத்தோடு நகர்வது எஃகு. செம்பழுப்புப் பசையாகத் தாளில் படிந்தால் துரு. இம்மூன்றும் ஒவ்வொரு கதை சொல்லும்.

கணக்குப்பொறி எழுதியது:

பழைய ஃபிட்டர் ஐயா கூறியதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். 5 டன் என்பது ஏறத்தாழ 49 கிலோநியூட்டன். நிமிடத்துக்கு 1,440 மி.மீ. வேகத்தில் அதை உயர்த்தப் பயன்படும் ஆற்றல் சுமார் 1.18 கிலோவாட் மட்டுமே. ஆனால், டிரப்பசாய்டல் ஸ்க்ரூ ஜாக்கின் மொத்தச் செயல்திறன் (கொடுக்கும் ஆற்றலில் தூக்கப் பயன்படும் பங்கு) 25 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எனவே ஜாக்குகளுக்குள் போகவேண்டியது 4.7 கிலோவாட், பெவல் கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால் 5.2 கிலோவாட். உங்கள் மோட்டார் 5.5 கிலோவாட். அதாவது எல்லாம் சரியாக இருக்கும்போதே உங்களுக்கு மிச்சம் மிகக் குறைவு. எங்காவது உராய்வு சற்றுக் கூடினாலும் ரிலே விழுந்துவிடும்.

இதன் மறுபக்கம் வெப்பம். சமமாகப் பகிர்ந்தாலும், முழுச் சுமையில் ஏறும்போது ஒவ்வொரு ஜாக்கிலும் கிட்டத்தட்ட 880 வாட் வெப்பமாக மாறுகிறது. அதனால்தான் இவ்வகை ஜாக்குகளைப் பத்து நிமிடத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 2 நிமிடத்துக்கு மேல், ஓட்டவேண்டாம் என்று பொதுவாகக் கூறுகிறார்கள். உங்கள் மேடை ஒருமுறை ஏறி இறங்க 84 நொடி ஆகிறது. பத்து நிமிடத்தில் இருமுறை ஏற்றி இறக்கினால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். சரக்கு அனுப்பும் நாளில் எத்தனை முறை ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

ஆனால் இது நான்கு ஜாக்கையும் சமமாகச் சுடவேண்டிய காரணம். ஒரு மூலை மட்டும் சுடுவதற்குப் போதாது. விறைப்பான மேடையை நான்கு இடத்தில் தாங்கினால், நாற்காலியின் நான்கு கால்களில் ஒன்று நீண்டிருப்பதைப் போல, 2 அல்லது 3 மி.மீ. வேறுபாடே சுமையை ஒரு மூலைவிட்டத்தின் இரு முனைகளுக்குத் தள்ளிவிடும். அப்போது 1.25 டன் தாங்கவேண்டிய ஜாக் 2.5 டன் வரை தாங்க நேரும். வடமேற்கு மூலை உயர்ந்திருந்தால் தென்கிழக்கும் சுடவேண்டும். தென்கிழக்கைத் தொட்டுப் பார்த்தீர்களா?

இன்னொன்றும் கூறவேண்டும். சுமை இப்படி இடம் மாறுவதால் மட்டும் மோட்டாரின் ஆம்பியர் பெரிதாகக் கூடாது, ஏனெனில் தூக்கும் மொத்த எடை அதேதான். ஆம்பியரும் கூடியிருந்தால் எங்கோ உராய்வே கூடியிருக்கிறது என்று பொருள். ஆகவே சூட்டையும் டிரிப்பையும் ஒரே நோயின் இரு அறிகுறிகளாக இப்போதே முடிவு செய்துவிட வேண்டாம்.

மின்_சரிவு எழுதியது:

ஆம்பியரை அளக்கும்போது வோல்ட்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேயிலையை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகள் எல்லாம் ஓடும் நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் ஆலைகளுக்கு 415 வோல்ட் வந்து சேர்வதில்லை. முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 370 வோல்ட்டில் மோட்டாரின் உச்ச முறுக்குவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதே சுமைக்கு ஆம்பியர் கூடும்.

உயரத்தைப் பற்றி யாராவது கிளப்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் மதிப்பை 1,000 மீட்டர் உயரத்துக்கும் 40 பாகை சூழல் வெப்பத்துக்கும் குறிக்கிறார்கள் என்பதும், காற்று மெலிவதால் அதற்கு மேல் குளிர்வு குறையும் என்பதும் உண்மையே. ஆனால் கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருக்கிறது. அந்தக் குறைவை ஈடுசெய்யச் சூழல் வெப்பம் எட்டு, பத்துப் பாகை குறைந்தாலே போதும். நம் மலையில் அதைவிட அதிகமாகவே குறைந்திருக்கிறது. ஆகவே மலைமேல் இருப்பதால் மோட்டார் திணறுகிறது என்று யாராவது பெரிய மோட்டார் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

கோத்தகிரி_ஆலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூறியபடியே முழுச் சுமையில் ஓட்டி நிறுத்திய உடனே அளந்தோம். வடமேற்கு 78 பாகை, தென்கிழக்கு 66 பாகை, மற்ற இரண்டும் 45-ஐ ஒட்டி. கணக்குப்பொறி அவர்கள் கேட்டது சரியாகவே இருந்தது. தென்கிழக்கை இதுவரை யாரும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

டாங் டெஸ்டரில் (கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கருவி) பார்த்தபோது கீழிருந்து முக்கால் உயரம்வரை 9.5 ஆம்பியரும், கடைசிக் கால் பகுதியில் 12.8 ஆம்பியரும் காட்டியது. வோல்ட் இரண்டு இடத்திலும் 402. முனகலும் அந்தக் கடைசிக் கால் பகுதியில்தான்; சாக்பீஸ் கோட்டைத் தாண்டியதும் தொடங்கி, இறங்கும்போது அதே கோட்டில் அடங்குகிறது. தாளில் தேய்த்ததில் பொன்னிறத் துகளோடு செம்பழுப்புப் பசையும் இருந்தது.

வெற்று மேடையை டியூப் லெவல் (நீர்மட்டக் குழாய்) வைத்துப் பார்த்ததில் வடமேற்கு மூலை மற்ற மூன்றையும்விட 3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. சென்ற கோடையில் வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினர் அந்த ஜாக்கின் ஆயில் சீலை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பழைய_ஃபிட்டர் எழுதியது:

இப்போது படம் தெளிவாகிவிட்டது. சீல் மாற்றக் கப்ளிங்கைக் கழற்றியவர்கள், வார்ம் சுற்றியிருந்ததைக் கவனிக்காமல் மீண்டும் மாட்டியிருக்கிறார்கள். கப்ளிங் தானாக நழுவியிருந்தால், பெரும்பாலும் பளு அதிகமுள்ள ஏற்றத்தில்தான் நழுவும். அந்த மூலை பின்தங்கித் தாழ்ந்திருக்கும். உயர்ந்திருப்பதைப் பார்த்தால் கைவைத்ததன் விளைவாகவே தோன்றுகிறது.

சரிசெய்வது எளிது. மேடையைத் தாழ்த்தி, சுமையை முழுவதும் இறக்கி, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடைக்கு அடியில் நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே கப்ளிங்கைத் தொடவேண்டும். பிறகு வடமேற்கு ஜாக்கின் வார்ம் தண்டைக் கையால் இறக்கும் திசையில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள்; ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. என்பதால் கணக்கு நேராக வரும். டியூப் லெவலில் சரியானதும், மேடையை ஜாக்கோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, எந்தத் தலைத்தட்டின் கீழாவது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். லெவல் சரியாக இருந்தும் ஒரு மூலையில் இடைவெளி இருந்தால் மேடைச் சட்டமே முறுகியிருக்கிறது. அங்கே ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வையுங்கள்.

வார்ம்வீல்_மாற்று எழுதியது:

லெவல் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் வீல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்காமல் அந்த ஜாக்கின் கீழ் ஆட்களை நடமாட விடுவது சரியன்று. திரெட்டின் தடிமனில் கால்பங்கு தேய்ந்தால் நட்டை மாற்றவேண்டும் என்பது பொதுவான வரம்பு. 6 மி.மீ. பிட்ச் என்றால் தடிமன் 3 மி.மீ.; எனவே 0.75 மி.மீ. தான் எல்லை. சிறு நகர்வை அளக்கும் டயல் கேஜை ஜாக் பாடியில் நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டில் தலையில் வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கால் மேடை மூலையை மெதுவாகத் தூக்கினால் மொத்த ஆட்டம் தெரியும். அதில் வீல் பேரிங்கின் ஆட்டமும் கலந்திருக்கும். மேல் மூடியில் செட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, மூடியை இறுக்கிப் பேரிங் ஆட்டத்தை எடுத்துவிட்டு மறுபடியும் அளவெடுங்கள். மூடியை மிகையாக இறுக்கினால் பேரிங் சூடேறும். கையால் வார்ம் இலகுவாகச் சுற்றவேண்டும்.

குந்தா_மதகு எழுதியது:

செம்பழுப்புப் பசையைப் பற்றி நான் சொல்லவேண்டும். மதகுக் கதவுகளைத் தூக்கும் ஸ்க்ரூ தண்டுகளோடு பழகியவன் என்பதால் இது எனக்குப் புதிதன்று. நண்பரின் ஜாக்கில் ஸ்பிண்டில் கீழே இறங்கும்போது தரைக்குக் கீழுள்ள பாதுகாப்புக் குழாய்க்குள் போய் நிற்கும். மேடை தாழ்ந்திருக்கும் நேரமெல்லாம் ஸ்பிண்டிலின் கீழ்நுனி அந்தக் குழாயின் அடியில் இருக்கிறது. குழாயில் நீர் தேங்கியிருந்தால் அந்த நுனிதான் துருப்பிடிக்கும். அந்தத் துருப்பிடித்த பகுதி நட்டுக்குள் நுழைவது எப்போது? மேடை உச்சியை நெருங்கும்போதுதான். உங்களுடைய முனகலும் 12.8 ஆம்பியரும் மேல் கால் பகுதியில் வருவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கவேண்டும்.

கூடலூர்ப் பக்கம் ஆனியில் கொட்டும் தென்மேற்கு மழையை உங்கள் பக்கம் தொட்டபெட்டா மலை தடுத்துவிடுகிறது. உங்களுக்கு உண்மையான மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசியில் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்தக் குழாய் இறங்கும் குழிதான் நினைவுக்கு வந்தது. நான்கு குழாய்களையும் கழற்றிப் பாருங்கள். வடமேற்கு மூலை மலைச்சரிவுப் பக்கத்துச் சுவரை ஒட்டியிருந்தால் ஊற்று நீர் அங்கேதான் இறங்கும்.

கோத்தகிரி_ஆலை எழுதியது:

ஐயா, அப்படியே இருக்கிறது. வடமேற்குக் குழாயில் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர். மேடையைத் தாழ்த்தி முட்டுக் கொடுத்து, குழியிலிருந்து குழாயைக் கழற்றியபோது ஸ்பிண்டிலின் கீழ்ப்பகுதி செம்பழுப்பாக இருந்தது. மற்ற மூன்றிலும் ஈரக்கசிவு மட்டுமே. டயல் கேஜில் பேரிங் ஆட்டத்தை எடுத்த பிறகு வடமேற்கில் 0.5 மி.மீ., மற்றவற்றில் 0.2-ஐ ஒட்டி. இந்தத் துருவை எப்படி எடுப்பது? எமரி பேஸ்ட் தடவி ஏற்றி இறக்கினால் நட்டோடு சேர்ந்து பதமாகிவிடும் என்று இங்கே ஒருவர் கூறுகிறார்.

பழைய_ஃபிட்டர் எழுதியது:

அந்த யோசனையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வெண்கலம் மென்மையானது, எமரியின் மணிகள் அதில் புதைந்துகொள்ளும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் போகாது, அந்த நட் ஸ்பிண்டிலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

குழாய் கழற்றியிருக்கும் இந்த நிலையிலேயே, நட்டுக்கு வெளியே இருக்கும் பகுதியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, திரெட்டின் இரு சரிவுகளையும் ஆயில் ஸ்டோனால் தடவி, துணியால் நன்றாகத் துடையுங்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுவழுப்பாக ஓடினால் மேல்துரு மட்டுமே, பயன்படுத்தலாம். நகம் குழிகளில் தட்டினால் அந்த ஸ்பிண்டில் அரம்போல வேலை செய்யும். ஸ்பிண்டிலையும் வீலையும் சேர்த்தே மாற்றவேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

ஒரு எச்சரிக்கை: கழுவ மண்ணெண்ணெய் வேண்டாம். தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். சிப்பம் கட்டும் அறைக்கு அடியில் மண்ணெண்ணெய் மணந்தால் ஏலத்தில் சுவைபார்ப்பவர் உங்கள் ஜாக்கின் கதையைக் கோப்பையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கணக்குப்பொறி எழுதியது:

கிரீஸ் பற்றியும் சேர்த்துப் பேசிவிடுவோம். பழைய கிரீஸ் எந்த வகைச் சோப்பு (கிரீஸைக் கெட்டியாக்கும் பொருள்) என்று தெரியாவிட்டால் முழுவதும் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஒத்துப்போகாத இரு வகைகள் கலந்தால் இளகி வழிந்துவிடும். இ.பி. (மிகுந்த அழுத்தம் தாங்கும்) கிரீஸ் நல்லதுதான் என்றாலும், கடும் கந்தகச் சேர்க்கை உள்ளவை சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். வார்ம் வீலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் கூறுவதையே வாங்குங்கள். முனகலை அடக்க மிகக் கெட்டியானதைப் போடவேண்டாம். மார்கழிக் காலையில் அது இறுகி, முதல் ஓட்டத்திலேயே ரிலே விழும். உணவுப்பொருள் தொடும் இடம் என்பதால் உணவுத்தொழிலுக்கு ஏற்ற கிரீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. தேயிலைத் தூசும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். ஆகவே மேலே தெரியும் ஸ்பிண்டிலுக்குப் பெல்லோஸ் (மடிப்பு உறை) போடுங்கள்.

0.5 மி.மீ. இன்னும் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் புதிய வீலுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்து வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை அளந்து, 0.7-ஐ எட்டியதும் மாற்றுங்கள்.

மின்_சரிவு எழுதியது:

கழற்றியதோடு பிரேக்கையும் பாருங்கள். ஸ்க்ரூ ஜாக் தானாகவே நிற்கும், பிரேக் எதற்கு என்று பல இடங்களில் அதைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பொறி எழுதியது:

மிகவும் தேவையான குறிப்பு. 30-க்கு 6 திரெட்டின் ஏற்றக் கோணம் ஏறத்தாழ 4 பாகை. உராய்வுக் கெழு 0.1 என்றால் உராய்வுக் கோணம் 5.7 பாகை, அதனால் நிற்கிறது. கெழு 0.07-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் நிற்காது. பக்கத்தில் சல்லடை இயந்திரம் நாள் முழுவதும் அதிர்ந்துகொண்டிருக்கும் ஆலையில், புதிதாக நல்ல கிரீஸும் போட்ட பிறகு, அந்தச் சிறிய இடைவெளியை நம்பி 4 டன்னை நிறுத்தி வைக்கக்கூடாது. பிரேக் இருக்கவேண்டும்.

கோத்தகிரி_ஆலை எழுதியது:

வேலை முடிந்தது. நகம் எங்கும் தட்டவில்லை. மேல்துருவை எடுத்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டுப் புதியது நிரப்பினோம். வடமேற்கைத் தாழ்த்தி லெவல் செய்தோம். தென்மேற்கில் மட்டும் ஃபீலர் கேஜ் நுழைந்ததால் 0.5 மி.மீ. ஷிம் வைத்தோம். இப்போது முழுச் சுமையில் கீழிருந்து மேல்வரை ஒரே சீராக 9.4 ஆம்பியர், நான்கு ஜாக்கும் 48-க்கும் 53-க்கும் இடையே நிற்கின்றன. பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது, மாற்றச் சொல்லியிருக்கிறேன். குழியில் மட்டும் இன்னும் நீர் ஊறுகிறது. குழாயின் அடியை வெல்டிங் செய்து முழுதாக அடைத்துவிடலாமா?

குந்தா_மதகு எழுதியது:

அடைக்கவேண்டாம். முழுதாக அடைத்தால் பனிக்காலத்தில் உள்ளே வேர்க்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். ஸ்பிண்டில் இறங்கும்போது காற்றும் அடைபட்டுச் சீலைத் தள்ளும். குழியின் மலைச்சரிவுப் பக்கம் ஒரு சிறு வடிகால் வெட்டி நீரை வெளியே திருப்புங்கள். குழாயின் அடியில் திருகி எடுக்கும் பிளக் ஒன்றும், மேற்பகுதியில் கீழ்நோக்கி வளைந்த சிறு காற்றுத் துளையும் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிளக்கைத் திறந்து பார்த்தால் போதும். இரவில் ஆலை மூடும்போது மேடையை முழுவதும் தாழ்த்தாமல் ஒரு சாண் உயர்த்தி, அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினால், ஸ்பிண்டில் நுனி நீர் சேரக்கூடிய இடத்துக்கு மேலேயே இருக்கும்.